இயந்திரமும் சுழல்தண்டும்



நுவரெலியாவுக்குச் சென்று வந்தவர்களுள் கிரகரி ஏரியைக் காணாதவர் இலர். ஆளுநர் சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற ஏரி அது. அதன் கரையில் நின்று, உள்ளே இயந்திரம் பொருத்திய ஒரு படகை எண்ணிப் பாருங்கள். இயந்திரம் ஓர் இரும்புத் தண்டைச் சுழற்றுகிறது. தண்டின் மறுமுனையிலுள்ள சுழல்விசிறி நீரைப் பின்னே தள்ளுகிறது. படகு முன்னே செல்கிறது. இனி, அதே ஏரியின் நீரை எண்ணிப் பாருங்கள். அந்த நீர் கீழே இறங்கி, பிளாக்பூல் என்னுமிடத்து மின்னிலையத்திலே சக்கரத்தைச் சுழற்றி நகருக்கு மின்சாரம் தந்தது. படகிலே தண்டு நீரைத் தள்ளுகிறது. மின்னிலையத்திலே நீர் தண்டைத் தள்ளுகிறது. போக்கு எதிரானதாயினும் பொருள் ஒன்றே. இரண்டிலும் சக்தியை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டு செல்வது சுழலும் தண்டு.

அந்தத் தண்டை இயந்திரத்தோடு இணைக்கும் மூட்டைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். இயந்திரத்தைப் பற்றிப் பேசுவோர் பலர்; அதன் குதிரைவலுவைச் சொல்லிப் பெருமைப்படுவோரும் பலர். ஆனால் எத்தனை குதிரைவலு இருந்தாலும், அஃது இரண்டு இரும்புத் தட்டுகள் ஒன்றையொன்று முகம் பார்த்து நிற்கும் ஓர் இடத்தைக் கடந்தே வேலைக்குச் செல்ல வேண்டும். அந்த இடம் பிழைத்தால் மலையிலே கொழுந்து கெடும். கடலிலே உயிருக்கே ஆபத்து நேரும்.

மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குள் இந்தச் சுழல்தண்டு வந்த கதையை முதலிற் சொல்லுகிறேன். கண்டிக்குத் தெற்கே ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில், 1867ஆம் ஆண்டில், ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். தொடக்கத்தில் அவர் தேயிலையைத் தம் பங்களாவின் விறாந்தையிலேயே பதப்படுத்தினார். கொழுந்தை மேசைமேல் பரப்பிக் கையினால் உருட்டினர். கரியடுப்பின் சூட்டில் உலர்த்தினர். 1872ஆம் ஆண்டில் அவர் ஒரு தொழிற்சாலையையும், கொழுந்து உருட்டும் ஒரு பொறியையும் அமைத்துக்கொண்டார்.

அந்நாளில் மலைநாட்டில் அரசு செலுத்தியது கோப்பி. 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் இருபது ஆண்டுகளுக்குள் அதனை அழித்துவிட்டது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. ஏக்கர்கள் ஆயிரமாயிரமாகப் பெருகவே, கையினால் உருட்டும் முறை ஈடுகொடுக்கவில்லை. வில்லியம் ஜாக்சன் வகுத்த உருட்டுப் பொறிகளும், பெல்பாஸ்ட் நகரில் சாமுவேல் டேவிட்சன் செய்த சிரொக்கோ உலர்த்திகளும் மலையேறி வந்தன. 1884ஆம் ஆண்டில் ஹற்றன் வரையும், 1885ஆம் ஆண்டில் நானுஓயா வரையும் புகைவண்டிப் பாதை நீண்டது. அதுவரை மாட்டுவண்டியிலும் மனிதர் தோளிலும் ஏறிய இரும்பு, அதன் பின்னர் புகைவண்டியில் ஏறியது.

இப்பொறிகளையெல்லாம் சுழற்றுவதற்கு நீர்ச்சக்கரம், நீராவி இயந்திரம், பின்னாளில் எண்ணெய் இயந்திரம் எனப் பல வழிகள் இருந்தன. மலைச்சரிவில் நல்ல அருவி வாய்த்த தோட்டங்களில், குழாய்வழியே நீரை இறக்கிக் கிண்ணங்கள் பதித்த பெல்ற்றன் சக்கரத்தின்மேல் பாய்ச்சினர். எதைக் கொண்டு சுழற்றினாலும் ஒரு தொழிற்சாலைக்கு ஓர் இயந்திரமே இருந்தது. உருட்டுப் பொறிகளோ பல. சலிக்கும் பொறி, உலர்த்தி, வாட்டும் மாடியின் காற்றுவிசிறி ஆகியனவும் உள. ஓர் ஊற்றிலிருந்து இத்தனை வயல்களுக்கும் நீர் பாய்ச்சுவதற்கு ஒரு பெருவாய்க்கால் வேண்டுமன்றோ? அந்தப் பெருவாய்க்காலே தலைக்கு மேலே கட்டடத்தின் நீளத்துக்கு ஓடிய நெடுந்தண்டு. அதன்மேல் ஆங்காங்கே கப்பிகள். கப்பிகளிலிருந்து ஒவ்வொரு பொறிக்கும் தட்டைப் பெல்ட்டுகள்.

கப்பியின் கணக்கு மிக எளிது. நெடுந்தண்டு நிமிடத்துக்கு 300 முறை சுழல்கிறது என்று கொள்வோம். அதன்மேல் 10 அங்குலக் கப்பியும், அடுத்த தண்டின்மேல் 20 அங்குலக் கப்பியும் பூட்டினால், அடுத்த தண்டு 150 முறை சுழலும். இவ்வாறு படிப்படியாகக் குறைத்து, உருட்டுப் பொறியை நிமிடத்துக்கு ஏறத்தாழ 45 முறை சுழலச் செய்வர். அதனினும் மிக விரைந்தால் கொழுந்து சூடேறும். மிகத் தாழ்ந்தால் சாறு வெளிப்படாது. ஆகவே தேயிலையின் சுவைக்கும் தண்டின் ஓட்டத்துக்கும் நேரான தொடர்பு உண்டு.

மலைநாட்டிலே இயந்திரத்துக்கு மற்றுமொரு குறை உண்டு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பில் இருப்பதைப்போல் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கே. எண்ணெய் எரிவதற்குக் காற்று வேண்டும். காற்றுக் குறைந்தால் வலுவும் அதே அளவில் குறையும். கொழும்பில் 60 குதிரைவலு தரும் ஓர் எண்ணெய் இயந்திரம், காற்றை அமுக்கி ஊட்டும் துணைக்கருவி இல்லாதபோது, நுவரெலியாவில் 50 குதிரைவலுவே தரும் என்று கொள்ளலாம். இவ்வாறு முன்னரே குறைந்துபோன வலுவிலிருந்து, கோணிய மூட்டும் ஒரு பங்கைத் தின்று சூடாக்கி வீணாக்குமானால் வேலைக்கு எஞ்சுவது என்ன?

இனி, அந்த மூட்டைச் சரியாக அமைப்பது எப்படி என்று பார்ப்போம். இயந்திரத்தின் தண்டு முனையில் ஓர் உருண்டைத் தட்டு. நெடுந்தண்டின் முனையில் அதே அளவான மற்றொரு தட்டு. பட்டறையில் இதனைக் கப்ளிங் என்பர். இரண்டு தட்டுகளையும் முகத்தோடு முகம் சேர்த்து நான்கு அல்லது ஆறு போல்ட்டுகளால் இறுக்குவதே வேலை. பார்ப்பதற்கு இதனினும் எளிதான வேலை இல்லை.

ஆனால் இரண்டு தண்டுகள் ஒரே நேர்கோட்டில் நில்லாமற் போவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒரு தண்டு மற்றதைவிட உயர்ந்தோ, தாழ்ந்தோ, பக்கம் ஒதுங்கியோ இருக்கலாம், இது விலகல். தண்டுகளின் முனைகள் ஒன்றையொன்று தொட்டும், ஒன்று மற்றதற்குச் சாய்ந்து நிற்கலாம், இது கோணல். பெரும்பாலும் இவ்விரண்டும் கலந்தே இருக்கும். விலகலைக் காண்பதற்கு, நேரான ஓர் இரும்புச் சட்டத்தை இரு தட்டுகளின் விளிம்புகள் மேலும் சேர்த்து வைத்து, மேலும் கீழும் இரு பக்கமும் பார்க்க வேண்டும். கோணலைக் காண்பதற்கு, தட்டுகளின் இடையே பீலர் எனப்படும் மெல்லிய அளவுத் தகடுகளைச் செருகி, மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடங்களிலும் இடைவெளி ஒன்றாக உள்ளதா என அளக்க வேண்டும். பின்னர் தட்டுகள் இரண்டையும் சேர்த்துக் கால்வட்டம் திருப்பி மீண்டும் அளக்க வேண்டும். அவ்வாறு திருப்பாமல் அளந்தால், தட்டின் குறையைத் தண்டின் குறையென்று மயங்குவோம்.

குறை கண்டால் இயந்திரத்தின் பாதங்களுக்கு அடியில் மெல்லிய தகடுகளை வைத்து உயர்த்துவர். அல்லது எடுத்துத் தாழ்த்துவர். நான்கு பாதங்களில் ஒன்று மட்டும் தரையைச் சரியாகத் தொடாமல் இருந்தால், நாற்காலியின் ஒரு கால் குட்டையானதைப் போல, போல்ட்டை இறுக்கும்போது இயந்திரத்தின் உடலே முறுகும். ஆகையால் முதலில் பாதங்களைச் சரிசெய்து, பிறகே தண்டைச் சரிசெய்தல் வேண்டும். போல்ட்டை முறுக்கித் தட்டுகளைக் கட்டாயப்படுத்தி ஒன்று சேர்ப்பது பெருந்தவறு. இரும்பு அப்போதைக்கு இணங்குவதுபோலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் தண்டு ஒருமுறை வளைந்து நிமிரும். நிமிடத்துக்கு 300 சுற்று என்றால், ஒரு மணியில் 18,000 தடவை வளைந்து நிமிரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதை நாம் கண்டிருக்கிறோம். தண்டுக்கு நேர்வதும் அதுவே.

இவ்வளவும் நான் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்தது போதாது என்பதை ஓர் இரவு எனக்குக் கற்பித்தது.

1970களின் நடுப்பகுதி. ஹற்றனுக்கு அப்பால் ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் இயந்திரப் பயிலுநனாக இருந்தேன். கொழுந்து பெருகும் காலம். பழுதுபார்த்துத் திரும்பி வந்த எண்ணெய் இயந்திரத்தை அதன் மேடையில் வைத்து, நெடுந்தண்டோடு இணைக்கும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டது. அங்கே இயந்திரம் நெடுந்தண்டோடு நேராகவே கப்ளிங்கால் பிணைக்கப்பட்டிருந்தது. இரண்டு நாள் பாடுபட்டேன். நான்கு இடத்திலும் இடைவெளி ஒன்றாக இருந்தது. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேறுபாடில்லை. மிகுந்த பெருமையோடு போல்ட்டுகளை இறுக்கினேன்.

அன்று மாலை நிறுத்த கொழுந்து ஏறத்தாழ 4,000 கிலோ. அது வாட்டும் மாடியில் சாக்குத் தட்டுகளின்மேல் பரப்பப்பட்டு, இரவெல்லாம் வாடி, உருட்டுவதற்குரிய பதத்தை எய்திக்கொண்டிருந்தது. பின்னிரவு இரண்டு மணிக்கு இயந்திரம் கிளப்பப்பட்டது. முதல் இரண்டு மணி நேரம் எல்லாம் நன்றாகவே நடந்தன. நான்கு மணிக்குச் சுவரோரத்துப் பேரிங் சூடேறத் தொடங்கியது. எண்ணெய் விட்டோம், சூடு தணியவில்லை. சிறிது நேரத்தில் கரிந்த எண்ணெயின் நாற்றம் எழுந்தது. பேரிங்கின் உட்பூச்சாகிய வெள்ளுலோகம் உருகுவதற்குமுன் இயந்திரத்தை நிறுத்தும்படி ஆயிற்று. உருட்டுப் பொறிகள் யாவும் நின்றன. ஓசை நின்றதும் வெளியே பெய்துகொண்டிருந்த மழையின் ஒலி கேட்டது.

தேயிலைக்குக் காத்திருக்கத் தெரியாது. பதம் வந்த கொழுந்தை உருட்டியாக வேண்டும். உருட்டியதை இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் உலர்த்தியாக வேண்டும். காலந் தாழ்ந்தால் நிறமும் மணமும் போய்விடும்; கொழும்பு ஏலத்தில் அதன் விலை தாழ்ந்துவிடும். ஒரு பெண் ஒரு நாளில் 18 கிலோ கொழுந்து எடுக்கிறாள் என்று கணக்கிட்டால், மாடியிற் கிடந்த 4,000 கிலோவும் இருநூறுக்கு மேற்பட்ட பெண்களின் ஒரு நாள் உழைப்பு. 18 கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 4 கிலோ தேயிலையே. அந்தப் பெண்கள் விடியற்காலையில் மீண்டும் பெரட்டுக்கு வருவர். தொழிற்சாலை நின்றுவிட்டால் அன்றைக்குக் கொழுந்து எடுக்க வேண்டாமென்று சொல்லிவிடலாம், பேர் விழாது. என்னுடைய இரண்டு தட்டுகள் இத்தனை குடும்பங்களோடு பிணைந்திருப்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

லயத்திலிருந்து ஒரு முதியவரை அழைத்து வந்தார்கள். நாற்பது ஆண்டு அந்த இயந்திர அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எழுதப் படிக்க அறியாதவர். கம்பளியைப் போர்த்தியபடி வந்து, பேரிங்கைத் தொட்டார். இயந்திரத்தின் உடலைத் தொட்டார். அதன் பாதத்தைத் தொட்டார். பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, இத எப்போ பூட்டுனீங்க?” என்று கேட்டார்.

“நேற்றுப் பகல், தாத்தா. எல்லாம் அளந்துதான் பூட்டினேன்.”

“அளந்திருப்பீங்க. எஞ்சின் ஆறிக் கெடக்கையில அளந்திருப்பீங்க. இப்போ சூட்டோட அளந்து பாருங்க.”

போல்ட்டுகளைக் கழற்றி, இயந்திரம் ஆறுவதற்குமுன் சட்டத்தை வைத்துப் பார்த்தேன். இயந்திரத்தின் தட்டு, தண்டின் தட்டைவிட உயர்ந்து நின்றது. முதியவர் இயந்திரத்தின் பாதங்களுக்கு அடியிலிருந்து சில மெல்லிய தகடுகளை எடுக்கச் சொன்னார். மீண்டும் பூட்டினோம். ஐந்தரை மணிக்குப் பொறிகள் ஓடின. பேரிங் கைபொறுக்கும் சூட்டிலேயே நின்றது. கொழுந்தில் ஒரு பகுதியின் பதம் தவறிவிட்டது உண்மை, பெரும்பகுதி தப்பியது. பெரட்டும் வழக்கம்போல நடந்தது.

நடந்தது என்ன? கணக்காகவே சொல்லுகிறேன். இயந்திரத்தின் பாதத்திலிருந்து தண்டின் நடுவரை உயரம் அரை மீற்றர் என்று கொள்வோம். ஓடும்போது அதன் உடல் 50 பாகை செல்சியஸ் சூடேறுகிறது. இரும்பு ஒவ்வொரு பாகைச் சூட்டுக்கும், ஒரு மீற்றருக்கு, மீற்றரின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு நீளும். அரை மீற்றர் இரும்பு 50 பாகையில் நீளுவது ஒரு மில்லிமீற்றரின் பத்தில் மூன்று பங்கு. அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. நான் ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் போராடினேன். சூடு ஆயிரத்தில் 12 பங்கைப் புரட்டிவிட்டது. குளிர்ந்த நிலையில் என் வேலை குற்றமற்றது. ஆனால் இயந்திரம் குளிர்ந்த நிலையில் வேலை செய்வதில்லை. முதியவர் இந்தக் கணக்கை அறியார். இயந்திரம் ஆறியிருக்கும்போது எவ்வளவு தாழ்த்தி வைக்க வேண்டும் என்பதை அவர் கை அறிந்திருந்தது.

இந்தப் பாடம் மலைக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் இருந்து இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு, பாய்விரித்து ஓடும் படகிலே இயந்திரம் பொருத்தும் வேலை பழக்கமானதாக இருக்கலாம். மலைநாட்டுத் தொழிற்சாலைக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று வியக்க வேண்டாம். 1854ஆம் ஆண்டில் கண்டியில் தொடங்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குப் பொறிகள் செய்துதந்த வாக்கர் நிறுவனமே, பின்னர் கொழும்புத் துறைமுகத்தில் கப்பல்களையும் செப்பனிட்டது. தண்டை நேராக்கும் கலை இரண்டு இடத்துக்கும் பொதுவானது.

படகிலே இந்த மூட்டுக்கு இரட்டைச் சுமை. தொழிற்சாலையில் தண்டு சுழன்றால் போதும். படகிலோ சுழல்விசிறி நீரைத் தள்ளும்போது, அந்தத் தள்ளுதலின் எதிர்வலு முழுவதும் தண்டின் வழியே முன்னோக்கி வந்து, கப்ளிங்கைக் கடந்து, இயந்திரத்தின் பற்சக்கரப் பெட்டியிலுள்ள பேரிங்கில் தங்கி, அங்கிருந்தே படகின் உடலை முன்னே நகர்த்துகிறது. படகைப் பின்னே செலுத்தும்போது இதற்கு மாறாக, சுழல்விசிறி தண்டைப் பின்னே இழுக்கிறது. அப்போது கப்ளிங் நழுவினால் தண்டு படகைவிட்டு வெளியே போய்விடக்கூடும். தண்டு இருந்த துளை வழியே கடல் உள்ளே வரும். ஆகவே ஆணிகளும் போல்ட்டுகளும் தாமாகக் கழலாதவாறு கம்பியாற் பிணைக்கப்பட்டுள்ளனவா என்று பார்ப்பதை எவரும் சிறிய வேலையென்று எண்ணலாகாது.

தண்டை நேராக்கும் முறை நாம் மேலே கண்டதே. தட்டின் விட்டம் 4 அங்குலமானால், நான்கு இடத்து இடைவெளிகளுக்குள் வேறுபாடு ஆயிரத்தில் 4 பங்கைத் தாண்டக்கூடாது. அதாவது விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு. அளப்பதற்குமுன், தாங்குவாரின்றி நீண்டு நிற்கும் தண்டு தன் பாரத்தால் தொங்குவதையும் கருத வேண்டும். நீண்டு நிற்கும் பகுதியின் எடை 10 கிலோ, அதன் முனையிலுள்ள தட்டின் எடை 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தண்டின் பாதி எடையாகிய 5 கிலோவையும் தட்டின் முழு எடையாகிய 3 கிலோவையும் கூட்டி, வில்தராசைக் கொண்டு 8 கிலோ அளவுக்கு மேலே தூக்கிப் பிடித்தபின்னரே அளக்க வேண்டும். இல்லையேல் தொங்கும் தண்டுக்கு இணங்க நல்ல இயந்திரத்தைத் தாழ்த்தி வைத்துவிடுவோம்.

மலையில் சூடு செய்த வேலையைக் கடலில் நீர் செய்கிறது. கரையில் கட்டைகளின்மேல் ஏற்றி வைத்த படகின் உடல் ஒரு வடிவம். நீரில் மிதக்கும்போது மற்றொரு வடிவம். மரப்படகு ஊறுந்தோறும் அதன் வடிவம் இன்னுஞ் சற்று மாறும். பாய்மரப் படகிலே மற்றொன்றும் உண்டு. மரத்தை நிறுத்தும் கயிறுகளை முறுக்கேற்றும்போது அவை படகின் இரு முனைகளையும் மேல்நோக்கி இழுக்கின்றன. அடிமரமும் அதற்கேற்பச் சிறிதே வளைகிறது. ஆகவே கரையில் வைத்துச் செய்யும் நேராக்கம் முதற்கட்டமே. படகை நீரில் இறக்கி, ஓரிரு நாள் மிதக்கவிட்டு, எண்ணெய்த் தொட்டியையும் நீர்த் தொட்டியையும் நிரப்பி, பாய்மரக் கயிறுகளை இறுக்கிக் கட்டிய பின்னரே இறுதியாக அளந்து பூட்ட வேண்டும்.

வளைந்து கொடுக்கும் ரப்பர் கப்ளிங் பூட்டினால் இத்தொல்லைகள் இல்லையே என்று சிலர் கேட்பர். அது சிறு அதிர்வைத் தாங்குமேயன்றிக் கோணலை நேராக்காது. கோணலின் தண்டனையை முதலில் அந்த ரப்பர் ஏற்கும். அடுத்து பேரிங் ஏற்கும். இறுதியில், தண்டு படகைவிட்டு வெளியேறும் இடத்தில் நீர் புகாமல் அடைத்திருக்கும் திரி தேயும். ஓடும்போது அங்கே சில சொட்டு நீர் கசிவது இயல்பு. அது தண்டைக் குளிரவைக்கிறது. ஆனால் திரியை மாற்றியும் இறுக்கியும் கசிவு மீண்டும் மீண்டும் பெருகுமானால், திரியைக் குறை கூறாமல் தண்டின் நேரைச் சோதிப்பதே அறிவுடைமை.

இனி, ஒரு முக்கியமான எச்சரிக்கை. சுழலும் தண்டு பார்ப்பதற்குச் சாதுவானது. வழுவழுப்பான தண்டு விரைந்து சுழலும்போது அசையாமல் நிற்பதுபோலவே தோன்றும். ஆனால் தாவணி முனையோ, தலைப்பாகைத் தொங்கலோ, அவிழ்ந்த கூந்தலோ அதிற்பட்டால், கண்ணிமைக்குமுன் சுற்றி இழுத்துவிடும். கப்ளிங்கிலே துருத்தி நிற்கும் போல்ட்டுத் தலைகள் இன்னும் கொடியவை. இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், சக்தியைக் கடத்தும் தண்டுகளையும் கப்பிகளையும் பெல்ட்டுகளையும் காப்புவேலியிட்டு மறைக்க வேண்டும் என விதிக்கிறது. பழுதுபார்க்கக் கழற்றிய காப்பை மீண்டும் பூட்டாமல் ஓட்டுவதே பல இடங்களிலும் காணும் வழக்கம். “ஐந்து நிமிட வேலைதானே” என்று எண்ணுகிறோம். தண்டுக்கு ஒரு சுற்றே போதும். மூட்டைப் பூட்டி முடித்தேன் என்று ஒருவன் சொல்ல வேண்டுமானால், காப்பையும் பூட்டிய பின்னரே சொல்லுதல் முறை.

நெடுந்தண்டின் காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. மலைநீரால் நாட்டுக்கு மின்சாரம் தரலாம் என்று 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தவர் பொறியியலாளர் விமலசுரேந்திர. அவர் கனவுகண்ட லக்சபான மின்னிலையம் 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ நீர்த்தேக்கம் 1965ஆம் ஆண்டில் எழுந்தது. மின்கம்பிகள் மலைகளுக்குள் புகப் புக, ஒவ்வொரு பொறிக்கும் தனித்தனி மின்மோட்டார் வந்தது. தலைக்கு மேலே ஓடிய தண்டுகளும் பெல்ட்டுகளும் ஒவ்வொன்றாக இறக்கப்பட்டன. ஆயினும் மூட்டுக் குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். முன்பு ஒரு பெரிய மூட்டு இருந்த இடத்தில் இன்று இருபது சிறிய மூட்டுகள் இருக்கின்றன. மோட்டாருக்கும் பம்புக்கும் இடையில் ஒன்று. மோட்டாருக்கும் விசிறிக்கும் இடையில் ஒன்று. மின்சாரம் தடைப்படும் வேளையில் உதவும் எண்ணெய் இயந்திரத்துக்கும் மின்னாக்கிக்கும் இடையில் ஒன்று. லேசர் ஒளியைக் கொண்டு தண்டின் நேரை அளக்கும் கருவிகளும் வந்துள்ளன. அவற்றிலும் சூட்டின் வளர்ச்சியை எவ்வளவு என்று அளப்பவனே உணர்ந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அன்று நான் சட்டத்தால் செய்த பிழையை இன்று லேசர் ஒளியால் செய்வோம்.

தேயிலைத் தொழிலின் வரலாற்றைப் படிப்போருக்கு டெய்லரின் பெயரும் ஜாக்சனின் பெயரும் டேவிட்சனின் பெயரும் கிடைக்கின்றன. அவர்கள் பெயர் நிலைத்தது முறையே. ஆனால் அவர்கள் அனுப்பிய பொறிகளை மழையும் பனியும் சூழ்ந்த மலைச்சரிவில் நிறுத்தி, நேராக்கி, இரவெல்லாம் காதால் கேட்டும் கையால் தொட்டும் காத்த தோட்டத் தொழிலாளரின் பெயர் நூல்களில் ஏறவில்லை. லயங்களில் அத்தகைய முதியவர்கள் சிலர் இன்னும் இருக்கக்கூடும். தொழில் பயிலும் இளைஞர்கள் அவர்களை நாடிச்சென்று கேட்க வேண்டும். கேட்டதைக் கணக்கோடு பொருத்தி எழுதிவைக்க வேண்டும். அவர்கள் கையறிந்தது அவர்களோடு மறைந்துவிட்டால், அடுத்த தலைமுறை அதனைக் கெட்ட கொழுந்தையும் உடைந்த தண்டையும் விலையாகக் கொடுத்தே மீண்டும் கற்க நேரிடும்.

எனக்கு அந்த முதியவர் கற்பித்தது ஒன்றே. ஒரு மூட்டு பூட்டும் இடத்தில் நேராக இருந்தால் போதாது. வேலை செய்யும் இடத்திலே நேராக இருக்க வேண்டும். தொழிற்சாலையில் அது சூட்டிலே நேராக நிற்க வேண்டும். படகிலே அது நீரிலே நேராக நிற்க வேண்டும். அடுத்தமுறை ஓர் இயந்திரத்தைத் தண்டோடு பூட்டும்போது, போல்ட்டை இறுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் மறுபடியும் அளந்து பாருங்கள். அளந்த கணக்கை ஒரு தாளில் எழுதி இயந்திர அறையின் சுவரில் ஒட்டிவையுங்கள். உங்களுக்குப்பின் வருபவனுக்கு அது உதவும்.